வயித்துப்போக்கு எத்தன பேருக்கு வருதுன்னு வீடு வீடா கேட்டு கண்டுபிடிக்க முடியுமா?

ஈசூன்காரி:
வணக்கம் எல்லாருக்கும். வேலை பாத்துக்கிட்டே பகுதிநேரமா பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். சிங்கப்பூர்ல ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) குடியிருப்புப் பேட்டையில வருஷத்துக்கு எத்தன பேருக்கு வயித்துப்போக்கு, வாந்தி வருதுன்னு வீடு வீடா கேட்டு கணக்குப் போடுறதுதான் எங்க குழு எடுத்திருக்கிற ப்ராஜெக்ட். தமிழ்க் கேள்வித்தாள் எழுதுற வேலை எனக்கு. எழுத உக்காந்தா ஒவ்வொரு கேள்வியிலயும் முட்டி நிக்குது. "வயித்துப்போக்கு வந்துச்சா"ன்னு கேட்டா ஒருத்தர் ஒருதடவ தண்ணியா போனதையும் சொல்லுவாரு, இன்னொருத்தர் நாள் முழுக்க பாத்ரூமே கதின்னு கிடந்தாதான் அத கணக்குல எடுப்பாரு. எத்தன நாள் பின்னாடி வரைக்கும் கேக்குறது, வீட்டுல யார கேக்குறது, குழந்தைக்கு யார் பதில் சொல்றது, ஒண்ணும் எங்களுக்குள்ள ஒத்து வரல. சர்வே எடுத்து பழக்கம் உள்ளவங்க சொல்லுங்க, பழக்கம் இல்லாதவங்களும் சொல்லுங்க, எல்லாத்தையும் படிப்பேன்.

கோப்பிஓ:
தப்பா நெனைக்காதீங்க, நிஜமாவே புரியாமதான் கேக்குறேன். இதுக்கு எதுக்கு வீடு வீடா போகணும்? அரசாங்கப் பொலிகிளினிக்குக்கு வயித்துப்போக்குன்னு தினம் எத்தன பேர் வர்றாங்கன்னு வாராவாரம் எண்ணிக்கை வெளியாகுதுல்ல. அத வெச்சே கூடுதா குறையுதான்னு தெரிஞ்சிடுமே. 2009ல கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில ரோஜாக்ங்கிற கலவைத் தின்பண்டம் சாப்பிட்டு 150 பேருக்கு மேல படுத்தாங்க, ரெண்டு பேர் செத்தே போனாங்க, அப்ப எந்த சர்வேயும் இல்லாமத்தான எந்தக் கடை, எந்தக் கிருமின்னு கண்டுபிடிச்சாங்க?

ராத்திரிநர்ஸ்:
கோப்பிஓ அண்ணே, நீங்க சொல்ற ரோஜாக் விஷயம் வேற, தங்கச்சி கேக்குறது வேற. அது வெடிப்பு. ஒரே நேரத்துல ஒரே இடத்துலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு ஆள் ஆளா வர்றாங்க, எல்லாரும் ஒரே கடையச் சொல்றாங்க, அங்க விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ்னு கடல் உணவுல இருக்கிற கிருமி பச்சை மீன், இறால்லேர்ந்து ரோஜாக்குக்குத் தாவியிருக்குன்னு தேடிப் பிடிக்கிறாங்க. அதுக்கு சர்வே தேவையில்ல, நோய் வந்தவங்க என்ன சாப்பிட்டாங்க, வராதவங்க என்ன சாப்பிட்டாங்கன்னு ஒப்பிட்டா போதும். ஆனா எந்த வெடிப்புலயும் சேராம, எந்தச் செய்தியிலயும் வராம, வீட்டுக்கு ஒருத்தரா ரெண்டு பேரா படுத்து எந்திரிக்கிறவங்கதான் பெருங்கூட்டம். அவங்கள யாரு எண்ணுறது?

பொலிகிளினிக் எண்ணிக்கை ஏறுதா இறங்குதான்னு பாக்க நல்லா உதவும், அத நான் குறை சொல்லல. ஆனா இந்த ஊர்ல பொலிகிளினிக் இருபத்துச் சொச்சம்தான், தனியார் கிளினிக் ஆயிரத்துக்கு மேல. வயிறு சரியில்லன்னா பாதிப் பேர் புளோக் கீழ இருக்கிற கிளினிக்குக்குத்தான் போவாங்க. அதுக்கு முன்னாடியே கரி மாத்திரை, உப்புச்சர்க்கரைத் தண்ணி, ஓமத்தண்ணி, தயிர்ச்சோறுன்னு வீட்டோட முடிச்சிக்கிறவங்க எத்தனையோ பேர். டாக்டர்கிட்ட போனாலும் எல்லாருக்குமா மலப் பரிசோதனை எழுதுறாங்க? ரத்தம் போனா, காய்ச்சல் விடலன்னா, ரொம்ப நாள் நீடிச்சாதான் எழுதுவாங்க. பரிசோதனை இல்லன்னா கிருமி பேர் இல்ல, பேர் இல்லன்னா பதிவேட்டுல வராது. ஒவ்வொரு படியிலயும் ஆள் உதிர்ந்துக்கிட்டே போறாங்க.

எண்ணும்எழுத்தும்:
நர்ஸ் அக்கா சொன்னதுக்கு கணக்கே இருக்கு. பிரிட்டன்ல இத ரெண்டு தடவ பெரிசா செஞ்சாங்க. முதல் ஆய்வு 1993லேர்ந்து 1996 வரைக்கும் இங்கிலாந்துல, ரெண்டாவது 2008, 2009ல பிரிட்டன் முழுக்க. ரெண்டாவதுல ஏறக்குறைய 7000 பேர சேத்துக்கிட்டு ஒரு வருஷம் வரைக்கும் வாராவாரம் ஈமெயில்லயும் தபால் அட்டையிலயும் "இந்த வாரம் வந்துச்சா"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க, வந்தவங்ககிட்ட மல மாதிரியும் வாங்கி லேபுக்கு அனுப்புனாங்க. 1000 பேர ஒரு வருஷம் கவனிச்சா 274 தடவ நோய் வருது, அதாவது நாலு பேருக்கு ஒருத்தர், நாடு முழுக்க வருஷத்துக்கு சுமார் 1 கோடியே 70 லட்சம். இதுல தேசியப் பதிவுக்குப் போய்ச் சேர்றது 147ல ஒண்ணுதான். முதல் ஆய்வுல அது 136ல ஒண்ணு.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமா படுறது என்னன்னா அந்த 147 எல்லா கிருமிக்கும் ஒண்ணு இல்ல. சால்மொனெல்லான்னா ஏறக்குறைய அஞ்சுல ஒண்ணு பதிவாகுது, கேம்பைலோபேக்டர் ஒன்பதுல ஒண்ணு, நோரோ வைரஸ் 288ல ஒண்ணு. ஏன்னா சால்மொனெல்லா ஆள கீழ தள்ளிடும், டாக்டர்கிட்ட போயே ஆகணும், நோரோ ரெண்டு நாள் வாட்டி எடுத்துட்டு விட்டுடும். அப்ப பதிவேட்ட மட்டும் பாக்குறவங்களுக்கு எது கொடியதோ அதுதான் பெரிசா தெரியும், எது ஊர் முழுக்க இருக்கோ அது கண்ணுலயே படாது. எத்தன வேலைநாள் போகுது, எத்தன பிள்ளைங்க ஸ்கூல் போகல, கை கழுவுறதுக்கா இல்ல கோழிக்கறிக்கா எதுக்கு முதல்ல காசு செலவு பண்றதுன்னு முடிவெடுக்கணும்னா கிளினிக்குக்கு வெளியே உள்ளவங்களையும் எண்ணித்தான் ஆகணும். அதனால உங்க ப்ராஜெக்ட் வீண் வேலை இல்லங்க.

கோப்பிஓ:
சரி, புரியுது. அப்ப அந்த 147ஐயே நம்ம ஊர் எண்ணிக்கையோட பெருக்கிட்டா வேலை முடிஞ்சிதே?

ராத்திரிநர்ஸ்:
அது கூடவே கூடாது. அங்க 7 நாள் வரைக்கும் உடம்பு சரியில்லன்னு அவங்களே எழுதிக் குடுத்தா வேலையிடத்துல ஏத்துக்குவாங்க. இங்க முதல் நாள் லீவுக்கே பெரும்பாலும் எம்.சி, அதாவது டாக்டர் சான்றிதழ் வேணும். அந்த எம்.சிக்காகவே கிளினிக் வாசல்ல வந்து உக்காந்திருக்கிறவங்கள நான் எவ்வளவோ பாத்திருக்கேன், மருந்தே வேணாம்பாங்க. அதனால இங்க கிளினிக்குக்கு வர்ற விகிதம் பிரிட்டன விட நிச்சயமா வேற மாதிரி இருக்கும். அதே நேரத்துல சாப்பாடு டெலிவரி ஓட்டுறவங்க, டாக்சி ஓட்டுறவங்க, சொந்தமா கடை வெச்சிருக்கிறவங்களுக்கு எம்.சி வாங்கி ஒண்ணும் ஆகப்போறதில்ல, ஒரு நாள் ஓட்டலன்னா அன்னிக்கு வருமானம் இல்ல, அவங்க மாத்திரைய போட்டுக்கிட்டு வண்டிய எடுத்துடுவாங்க. ஒரே புளோக்குல ரெண்டு வீட்டுக்கு ரெண்டு விகிதம். இன்னொரு நாட்டு எண்ண எடுத்து பெருக்குறது எப்படி சரியா வரும்?

செங்காங்அம்மா:
நான் இந்தத் துறை இல்ல, ரெண்டு பிள்ளைக்கு அம்மா, அவ்வளவுதான். கைக்குழந்தை விஷயம் ஒண்ணு சொல்லணும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு எப்பவுமே தண்ணியாத்தான் போகும், ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ போகும், அது நோய் இல்ல. நீங்க மூணு தடவன்னு கணக்கு வெச்சீங்கன்னா பேட்டையில உள்ள எல்லா பச்சப்பிள்ளையும் நோயாளி ஆயிடும். "வழக்கத்த விட அதிகமா போச்சா"ன்னு கேளுங்க. அப்புறம் இருமி இருமி வாந்தி எடுக்குற பிள்ளைங்க, அது சளி. அதையும் பிரிச்சு கேக்கணும். குழந்தை பகல்ல பாலர் பள்ளியிலயோ பாட்டி வீட்டுலயோ இருந்தா அம்மாவுக்கே முழுசா தெரியாது, யாரு கூட இருந்தாங்களோ அவங்கள கேளுங்க.

ஈசூன்காரி:
ரொம்ப நன்றிக்கா, இது எங்க தாள்ல இல்லவே இல்ல. வரையறைய இப்படி வெச்சிருக்கோம், பாத்து சொல்லுங்க: 24 மணி நேரத்துல 3 தடவையோ அதுக்கு மேலயோ தண்ணியா போயிருக்கணும், இல்லன்னா ஒரு தடவையாவது வாந்தி எடுத்திருக்கணும். உலக சுகாதார நிறுவனம் வயித்துப்போக்குன்னு சொல்றதும் அந்த 3 தடவைதான். நோய் பேர சொல்லாம எண்ணிக்கைய மட்டும் கேக்கப் போறோம்.

ராத்திரிநர்ஸ்:
நல்ல வரையறை. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2008ல கிட்டத்தட்ட இதையேதான் பொதுவா வெச்சிக்கலாம்னு சொன்னாங்க, நாட்டுக்கு நாடு ஒப்பிட வசதியா இருக்கும்னு. அவங்க விலக்க வேண்டியதையும் சேத்தே சொன்னாங்க, அத விட்டுடாதீங்க: குரோன்ஸ் மாதிரி நாள்பட்ட குடல் நோய் உள்ளவங்க, மசக்கை வாந்தி, குடிச்சிட்டு எடுத்த வாந்தி, மருந்தால வந்த பேதி. அந்தக் கடைசி விஷயம் நம்ம ஆளுங்ககிட்ட பெரிய விஷயம். இங்க இந்தியர்கள்ள சர்க்கரை நோய் அதிகம், மெட்ஃபார்மின் போடுறவங்க வீட்டுக்கு ஒருத்தர் இருப்பாங்க, அந்த மாத்திரை நிறைய பேருக்கு வயித்த இளக்கிவிடும், புதுசா ஆரம்பிச்சப்போ அல்லது அளவு கூட்டுனப்போ ரொம்ப. கேக்காம விட்டா தமிழ் வீடுகள்ல வயித்துநோய் ஜாஸ்தின்னு உங்க அறிக்கை சொல்லிடும், அது அப்படியே சாப்பாட்டு மேல பழியா போய் விழும். சுத்தம் பத்தி நம்மள யாரும் தப்பா பேசுறதுக்கு ஒரு ப்ராஜெக்ட் காரணமாயிடக் கூடாது. "வழக்கமா எடுக்குற மருந்து ஏதாவது இருக்கா, இது அதனாலன்னு நெனைக்கிறீங்களா"ன்னு ஒரு வரி போடுங்க.

எண்ணும்எழுத்தும்:
எத்தன நாள் பின்னாடி கேக்குறதுங்கிறதுக்கு வர்றேன், இங்கதான் நிறைய சர்வே தடம் மாறுது.

பிரிட்டன் ஆய்வுலயே கூடவே ஒரு போன் சர்வேயும் எடுத்தாங்க. சில பேர்கிட்ட "கடந்த 7 நாள்ல"ன்னு கேட்டாங்க, சில பேர்கிட்ட "கடந்த 28 நாள்ல"ன்னு கேட்டாங்க. ரெண்டையும் வருஷக் கணக்கா மாத்துனா 28 நாள் கேள்வியில 1000 பேருக்கு 533 வந்துச்சு, 7 நாள் கேள்வியில 1530 வந்துச்சு. வாராவாரம் கூடவே இருந்து எண்ணுன கூட்டத்துல 274. ஒரே நாடு, ஒரே காலம், ஒரே நோய், மூணு எண்.

ஏன் இப்படின்னு ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுறேன். 1000 பேர்கிட்ட 7 நாள் கேள்வி கேக்குறீங்க, 30 பேர் ஆமாங்கிறாங்க. வருஷத்துக்கு 52 வாரம், அப்ப ஆளுக்கு 1.56 தடவ. ஆனா அந்த 30ல 10 பேருக்கு நிஜமா வந்தது அதுக்கு முந்தின வாரம்னு வெச்சிக்கோங்க, நல்லா படுத்து எந்திரிச்சது மனசுல பச்சையா இருக்கிறதால "இப்பதான், போன வாரம்"னு சொல்லிட்டாங்க. அவங்கள எடுத்துட்டா 1.04. பத்தே பேர் நினைவு கொஞ்சம் நழுவுனதுக்கு 52ஆல பெருக்கி ஊர்ல ஆளுக்கு அர தடவ நோய் சேத்துட்டோம். 28 நாள் கேள்வின்னா 13ஆலதான் பெருக்குறோம், அந்த நழுவல் அவ்வளவு ஊதிப் பெருகாது. ஆனா 28 நாள்ல லேசா வந்துட்டுப் போனத ஜனங்க மறந்துடுவாங்க, அந்தப் பக்கம் எண்ணிக்கை குறையும். ரெண்டுமே தப்புதான், ஒண்ணு மேல இழுக்குது, இன்னொண்ணு கீழ இழுக்குது.

அமெரிக்காவுல, ஆஸ்திரேலியாவுல எடுத்த பெரிய போன் சர்வேக்கள்லயும் நாலு வாரம்னுதான் கேட்டாங்க. நீங்களும் நாலு வாரம் கேளுங்க, ஒப்பிடவாவது முடியும். ஆனா "நாலு வாரம்"னு வெறுமனே கேக்காதீங்க, தேதிய சொல்லுங்க. ஒரு காலண்டர் தாள கையில குடுத்து, நடுவுல வந்த பொது விடுமுறை, சம்பள நாள், ஸ்கூல் லீவு எல்லாம் குறிச்சு வெச்சு "இதுக்கு முன்னாடியா பின்னாடியா"ன்னு கேட்டா நழுவல் நல்லாவே குறையும். அதே மாதிரி ஒரே மாசத்துல எடுத்து முடிச்சிடாதீங்க. தீபாவளி வாரத்துல கேட்டதையும், நோன்பு மாசத்துல கேட்டதையும் வருஷத்துக்குப் பெருக்குனா அந்த வாரத்துச் சாப்பாட்டையும் சேத்துத்தான் பெருக்குறீங்க. பிரிச்சு பிரிச்சு எடுங்க.

கோப்பிஓ:
எத்தன பேர்கிட்ட கேட்டா போதும்? நாங்க சொல்ற பழமொழி ஒண்ணு இருக்கே, ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு.

எண்ணும்எழுத்தும்:
அது பானை நல்லா வெந்து கலந்திருந்தாத்தான் அண்ணே. 1000 பேர்ல 40 பேர் ஆமாம்னா 4 சதவீதம், ஆனா யார் யார்கிட்ட கேட்டோம்ங்கிற தற்செயலால மட்டுமே அது 2.8லேர்ந்து 5.2 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம். வருஷத்துக்கு மாத்துனா ஆளுக்கு 0.36லேர்ந்து 0.68 வரைக்கும். 1000 பேர்கிட்ட கேட்டும் இவ்வளவு அகலம். 200 பேர்கிட்ட கேட்டு "நம்ம பேட்டையில இவ்வளவு"ன்னு ஒத்தை எண்ண எழுதாதீங்க, ரெண்டு எல்லையையும் சேத்து எழுதுங்க.

இன்னொண்ணு, ஒரே வீட்டுல நாலு பேர்கிட்டயும் கேட்டா நாலு பேர் ஆகாது. நோரோ ஒருத்தருக்கு வந்தா வீடே வரிசையா படுக்கும். வீட்டுக்கு ஒருத்தரத்தான் கேக்கணும். கதவ திறக்கிறவங்களையே கேட்டா பகல்ல வீட்டுல இருக்கிற வயசானவங்களும் வேலையில்லாதவங்களும்தான் சேருவாங்க, அதனால "அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருதோ அவங்ககிட்ட பேசணும்"னு கேக்குற முறை இருக்கு, சுலபம், கிட்டத்தட்ட குலுக்கிப் போட்ட மாதிரி. வீட்டுல தங்கி வேலை செய்ற பணிப்பெண்ணையும் அந்தக் கணக்குல சேருங்க, ப்ளீஸ். அவங்களும் அந்த வீட்டுலதான் சாப்பிடுறாங்க.

போன் பண்ணி கேக்கலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, தெரியாத நம்பர்னாலே ஸ்கேம்னு இங்க யாரும் எடுக்கிறதில்ல. முன்னாடியே கடிதம் போட்டுட்டு, கல்லூரி அட்டையோட நேர்ல போங்க. கதவ திறக்காத வீட்டுக்கு வேற வேற நேரத்துல திரும்பிப் போங்க, ஏன்னா சமீபத்துல வயிறு கெட்டவங்க "ஆமா ஆமா எனக்கு வந்துச்சு"ன்னு ஆசையா பேசுவாங்க, வராதவங்க வேலை இருக்குன்னு அனுப்பிடுவாங்க.

துவாஸ்தம்பி:
ரொம்ப நேரமா படிச்சிட்டிருக்கேன். நான் புதுக்கோட்டை பக்கம், இங்க கட்டுமானத்துல இருக்கேன், டார்மிட்டரியில, அதாவது தொழிலாளர் விடுதியில தங்கியிருக்கேன். நீங்கல்லாம் வீடு வீடுன்னு பேசுறீங்க, எங்களுக்கு ஏது வீடு? எங்க கதவ எந்த சர்வேக்காரவங்களும் தட்டுனதில்ல. எங்க ஆளுங்க பொலிகிளினிக்குக்கும் பெருசா போறதில்ல, தொழிலாளர்களுக்குன்னு தனி மருத்துவ நிலையம் இருக்கு, 2022லேர்ந்து அந்தத் திட்டம்தான். அப்ப மேல அண்ணே சொன்ன வாராவாரக் கணக்குலயும் நாங்க இல்ல, இந்தக் கணக்குலயும் இல்ல.

வயிறு கெடுறதுன்னா எங்களுக்கு எப்படின்னு சொல்றேன். கேட்டரிங் சாப்பாடு விடிகாலையில பையில வந்துடும். காலைக்கும் மத்தியானத்துக்கும் சேத்தே வரும். மத்தியானப் பொட்டலத்த லாரியில எடுத்துட்டுப் போயி சைட்டுல ஒரு நிழலாப் பாத்து தொங்கவிடுவோம், சாப்பிடும்போது மணி 12 ஆயிடும். சமைச்சது ராத்திரி எத்தன மணிக்கோ. சில நாள் திறந்ததும் சாம்பார் வாசமே சொல்லிடும், தூக்கிப் போட்டுட்டு பிஸ்கட் சாப்பிட்டு வேலை பாப்போம். பல நாள் ஒரு வாசமும் இருக்காது, சாப்பிட்டுடுவோம், சாயங்காலம் ரூம்ல மூணு பேர் பாத்ரூம் வரிசையில நிப்பாங்க. யாரும் ரிப்போர்ட் பண்றதில்ல. லீவு போட்டா ஓ.டி (கூடுதல் நேர) சம்பளம் போச்சு, சூப்பர்வைசர் மூஞ்சி மாறும், ஊருக்கு அனுப்புற காசு குறையும்.

ராத்திரிநர்ஸ்:
தம்பி, நீங்க எழுதுனது ரொம்ப முக்கியம். சமைச்ச சாப்பாட்ட சூடு ஆற விட்டு வெளியில வெச்சா 4 மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டுடணும்கிறதுதான் கணக்கு. இந்த ஊர் வெயில்ல சோத்துல பேசிலஸ் சீரியஸ்னு ஒரு கிருமி பெருகும், அது விடுற ஒரு விஷம் திரும்ப சூடு பண்ணாலும் அழியாது. வாசம் இல்ல, ருசி மாறாது. சாப்பிட்டு ஒரு மணியிலேர்ந்து ஆறு மணி நேரத்துக்குள்ள வாந்தி வரும், ஒரு நாள்ல தெளிஞ்சிடும். சீக்கிரம் தெளியிறதாலயே பதிவேட்டுக்கு வராது. குழம்புல வளர்றது இன்னொண்ணு, கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ், பெரிய அண்டாவுல சமைச்சு மெதுவா ஆறும்போது பெருகும், அது வயித்து வலியும் பேதியும். நீங்க சொன்ன சாயங்கால வரிசை அதோட பொருந்தலாம்.

எண்ணும்எழுத்தும்:
துவாஸ்தம்பி சொன்னத படிச்சப்புறம் ஒண்ணு சொல்லியே ஆகணும். 2020ல கோவிட் எண்ணிக்கை தினமும் வந்தப்போ சமூகத்துல இத்தனை, டார்மிட்டரியில இத்தனைன்னு ரெண்டு வரியா பிரிச்சு வந்துச்சு. தொற்று எங்க பரவுதுன்னு பாக்க அதுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். ஆனா அங்க கோவிட் கட்டாயம் பரிசோதிச்சு எண்ணுனாங்க, அதனால வரியாவது இருந்துச்சு. வயித்துநோய்க்கு அந்த வரிகூட இல்ல. லட்சக்கணக்குல ஆம்பளைங்க, ஒரே அடுப்புச் சாப்பாடு, பொதுக் கழிப்பறை, நெருக்கமான ரூம்: வயித்துநோய் ஆராயணும்னா முதல்ல போக வேண்டிய இடமே அதுதான். கோப்பிஓ அண்ணே சொன்ன பழமொழியிலயே சொன்னா, டார்மிட்டரி வேற பானை, பேட்டையில எடுத்த சோறு அதுக்குப் பதம் சொல்லாது.

கோப்பிஓ:
நான் இத இப்படி யோசிச்சதே இல்ல. எங்க சைட்டுலயும் தம்பிங்க இருக்காங்க, வயிறு வலின்னு ஒருத்தரும் சொன்னதில்ல.

துவாஸ்தம்பி:
கேட்டா சொல்லுவோம் அண்ணே. ஆனா முதலாளி கேட்டா சொல்ல மாட்டோம்.

ஈசூன்காரி:
தம்பி, நாங்க பேட்டைன்னு எழுதுனது, ஆய்வு நெறிமுறைக் குழுகிட்ட அனுமதி வாங்க சுலபமா இருக்கும்னுதான். டார்மிட்டரிய இதோட சேக்க முடியுமான்னு எங்க ஆசிரியர்கிட்ட பேசப் போறேன், தனி அனுமதி வேணும், நேரம் ஆகும், ஆனா கேக்காம விடமாட்டேன். இந்த செமஸ்டருக்குள்ள முடியலன்னா அறிக்கையோட முதல் பக்கத்துலயே "இந்த எண்ணுல டார்மிட்டரித் தொழிலாளர்கள் இல்ல"ன்னு பெரிசா எழுதுவோம், பின்னால குறிப்புல ஒளிச்சு வைக்க மாட்டோம். அனுமதி கிடைச்சா எப்ப வரலாம், எப்படிக் கேக்கலாம்னு நீங்க சொல்லுங்க.

துவாஸ்தம்பி:
ஞாயித்துக்கிழமை வாங்க அக்கா, ஆனா காலையில வராதீங்க, சனி நைட் ஷிஃப்ட் முடிச்சவங்க தூங்குவாங்க, மத்தவங்க துணி துவைச்சு சமைச்சுக்கிட்டிருப்பாங்க, மத்தியானம் தேக்காவுக்கு (லிட்டில் இந்தியாவுக்கு) கிளம்பிடுவாங்க. சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டுக்குள்ள எல்லாரும் ரூம்ல இருப்பாங்க. ரூம்ல எல்லார் முன்னாடியும் கேக்காதீங்க, ஒவ்வொருத்தரா வெளிய கூப்பிட்டு கேளுங்க, கம்பெனி பேர எழுதவே எழுதாதீங்க, எழுதலன்னு தாள காட்டுங்க. ரூமுக்கு ஒருத்தர்தான் கேப்பீங்கன்னா அந்தப் பிறந்தநாள் முறை எங்ககிட்ட சரிவராது, பாதிப் பேருக்கு பாஸ்போர்ட்ல ஒரு தேதி வீட்டுல ஒரு தேதி. கட்டில் நம்பர் இருக்கு எல்லாருக்கும், அத குலுக்கி எடுங்க. பங்களாதேஷ் தம்பிங்களுக்கு வங்காளத்துல தாள் வேணும், அதுக்கு எங்க ரூம்லயே நல்லா எழுதத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு, கேட்டுச் சொல்றேன். "எப்ப சமைச்சது, எப்ப சாப்பிட்டீங்க"ன்னு ரெண்டு கேள்வியும் தனித்தனியா கண்டிப்பா போடுங்க.

ஈசூன்காரி:
போட்டாச்சு தம்பி. மருந்து கேள்வி, கைக்குழந்தை கேள்வி, காலண்டர் தாள் எல்லாம் சேத்து புதுத் தாள இந்த வாரக் கடைசிக்குள்ள இங்கயே போடுறேன். நர்ஸ் அக்கா, செங்காங் அக்கா, படிக்கும்போது எந்த வரி புரியலையோ அத அப்படியே வெட்டிப் போட்டு சொல்லுங்க.

செங்காங்அம்மா:
போடுங்கம்மா. எங்க அம்மாவுக்கு 70க்கு மேல ஆகுது, அவங்ககிட்ட வாசிச்சுக் காட்டுறேன், அவங்க எங்க முழிக்கிறாங்களோ அந்த வரிய மாத்திடுங்க.